மூன்றாவது தம்ளர்

முழுப்பரீட்சை லீவு விட்டால் கோவில்பட்டியில் மற்ற வீட்டுப் பிள்ளைகள் எட்டு மணி வரை தூங்கும். நவநீதகிருஷ்ணன் வீட்டில் லீவின் முதல் ஞாயிறு வயிறு கழுவும் நாள். காலை ஐந்தரைக்கு ஆளுக்கு ஒரு தம்ளர் விளக்கெண்ணெய். அவருடைய தீப்பெட்டி ஆபீஸ் லெட்டர்பேடில் அச்சடித்து, லேமினேட் செய்து, பிரிட்ஜில் ஒட்டியிருந்த ‘விடுமுறைக்கால நல்லொழுக்க அட்டவணை’யில் அதுதான் முதல் வரி.

அவர் மகள் விஜிக்கு அந்த வாடை மாடிப்படியிலேயே வந்துவிட்டது. பசுவந்தனைக் காட்டு ஆமணக்கை வாங்கிக் காய்ச்சிய எண்ணெய், அவள் தம்ளரில் கடுங்காப்பியின் மேல் சளி மாதிரி மஞ்சளாகப் படர்ந்து கிடந்தது. குடித்தால் லேசில் இறங்காது. தொண்டையில் உட்கார்ந்து யோசிக்கும். அப்பாவைப் பார்க்க அதற்கு மேல் குமட்டியது. வெற்றுடம்பு, வேட்டிக்கு வெளியே வழியும் தொந்தி, பட்டை பட்டையாய்த் திருநீறு. பல் தேய்க்கும் முன்பே பாரம்பரியத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார்.

அன்றைக்கு ஒன்பது மணிக்கு மாவட்டப் பெண்கள் ஹாக்கி அணித் தேர்வு. விஜி அதற்காக ஒரு வருடமாக ஓடியிருந்தாள். இந்த எண்ணெய் உள்ளே போனால் ஒன்பது மணிக்கு அவள் எங்கே உட்கார்ந்திருப்பாள் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

“அப்பா, நான் நாளைக்குக் குடிக்கேன். இன்னைக்கு செலக்‌ஷன்.”

“அதைத் தொடங்கி வைக்கப் போறதே நான்தான்ட்டி. சீஃப் கெஸ்ட் வீட்டுலயே ஒழுக்கம் இல்லன்னா நல்லாவா இருக்கும்? வயித்தைக் கழுவிட்டு ஓடிப் பாரு, மான் மாதிரி ஓடுவே.” போனை அவளிடம் நீட்டினார். “முதல்ல நான் குடிக்கேன், பிறகு நீ. வீடியோ எடு. தீப்பெட்டி சங்கத்து வாட்ஸப் குரூப்ல போடணும்.”

வருடா வருடம் அவர் தம்ளரில் மட்டும் எண்ணெய் இருக்காது. வெறும் கருப்பட்டிக் காப்பி. இருதயம் வீக் என்பார். அந்த இருதயம் ராத்திரி எட்டு புரோட்டாவையும் சால்னாவையும் ஒரு முனகல் இல்லாமல் தாங்கும். அம்மா சுதாராணிக்கு அடுப்படி வேலை இருப்பதால் விலக்கு. அட்டவணையிலேயே அப்படித்தான் போட்டிருந்தது.

விஜி போனைத் தூக்கிப் பிடித்தாள். தாழ்த்தினாள்.

“அப்பா, உங்க தம்ளர்ல எண்ணெய் மிதக்கலையே. பெரிசு பண்ணிப் பார்த்தா எல்லாருக்கும் தெரியும்.”

நவநீதகிருஷ்ணன் தம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். குரூப்பில் இருநூற்று நாற்பது பேர். அதில் முந்நூறு பொறாமை.

“பேருக்கு ஒரு சொட்டு விடு, சுதா.”

சுதாராணி குப்பியைச் சாய்த்தாள். சொட்டு நெடுநேரம் விழுந்தது.

“நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல,” என்று காமிராவைப் பார்த்துச் சொல்லிவிட்டு மடமடவென்று குடித்தார். மீசையில் எண்ணெய் நூலாகத் தொங்கியது. வயிற்றிலிருந்து ஓர் ஏப்பம் கிளம்பி வந்து விஜியின் முகத்தில் மோதியது.

“முகத்தைச் சுளிச்சிட்டீங்கப்பா,” என்றாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு. “பாரம்பரியம் பேசுதவங்க சுளிக்கலாமா?”

“சுளிச்சேனா?”

“நல்லா விழுந்திருக்கு. பாருங்க.”

பார்த்தார். சொந்த முகம் அவருக்கே சகிக்கவில்லை. “இன்னொரு தடவை எடு.”

சுதாராணி மீதிக் குப்பியைக் கவிழ்த்தாள். இந்த முறை அவர் சுளிக்கவில்லை, சிரித்தார். பல்லெல்லாம் மஞ்சள் பளபளப்பு. ஆனால் சிரித்த வேகத்தில் முன்னோர்களைச் சொல்ல மறந்துவிட்டார்.

“வசனம் இல்லாம வெறும எண்ணெய் குடிக்கது யாருக்கு வேணும்?” என்றார் அவரே. “ஊத்து, சுதா.”

“எண்ணெய் இல்லைங்க. அவ தம்ளர்ல இருக்கதுதான் கடைசி.”

விஜி தன் தம்ளரை இரண்டு கையாலும் பணிவாக நீட்டினாள். அப்பா அதையும் குடித்தார். வசனம், சிரிப்பு, மீசை எல்லாம் கச்சிதமாக அமைந்தது. ஆறு மணிக்கு ஸ்டேட்டஸிலும் குரூப்பிலும் ஏற்றினார். மகளுக்கு எண்ணெய் இல்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

“உனக்கு நாளைக்கு,” என்றார்.

எட்டு மணிக்கு வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் போடும்போது நவநீதகிருஷ்ணன் பாதியில் நின்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்கு நடந்தார். கதவுக்குப் பின்னாலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டபடி நின்று இட்லி தின்ன முடியாமல், விஜி அதை டப்பாவில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தாள். வாசல் வரைக்கும் சத்தம் வந்தது.

மைதானத்தில் ஒன்பதேகால் வரை ஒன்றும் நடக்கவில்லை. பயிற்சியாளர் காசிராஜன் பொன்னாடையைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது பிள்ளைகள் வெயிலில் நின்றன.

“ஏட்டி விஜி, அண்ணாச்சி எங்க? அவிய வராம எப்படித் தொடங்க?”

“அப்பாவால வர ஏலாது சார்.” அவள் ஸ்டேட்டஸைத் திறந்து காட்டினாள்.

காசிராஜன் முழுதாகப் பார்த்தார். “முழுத் தம்ளருமா உள்ள போச்சு?”

“இது மூணாவது சார்.”

அவர் பொன்னாடையை மடித்து, பிளாஸ்டிக் கவருக்குள் திரும்பத் திணித்து, விசிலை ஊதினார்.

விஜியின் போனில் ஒரு செய்தி வந்தது. ‘நான் வரும் வரை தொடங்க வேண்டாம் என்று சொல். – அப்பா.’ எங்கே உட்கார்ந்து அதைத் தட்டியிருப்பார் என்று நினைத்ததும் அவள் போனைப் பையின் அடியில் போட்டாள். விரலில் இன்னும் எண்ணெய்ப் பிசுக்கு. குனிந்து, ஓரத்துக் கரிசல் மண்ணை அள்ளி உள்ளங்கை இரண்டிலும் பரபரவென்று தேய்த்தாள். மட்டை வழுக்காமல் கைக்குள் நின்றது.

அவள் பேரைக் கூப்பிட்டார்கள்.