மாதா விளக்கில் எழுதிய பெயர்

ராயப்பன்பட்டிக்குக் கிழக்கே, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே, கல்லுக் குகை மாதிரி கட்டிய ஒரு சின்னக் கெபி. அங்கே மாதாவுக்கு முன்னால் தொங்கும் விளக்கு, கரண்ட் வந்த புதுசில் எஸ்டேட் துரை ஒருவன் கொடுத்துவிட்டுப் போனது. ஈயப் பட்டைகளில் கலர் கண்ணாடித் துண்டுகளைக் கோத்து, கொடியும் குலையுமாகத் திராட்சை. உள்ளே பல்பு எரிந்தால்தான் அதற்கு உயிர். இல்லாவிட்டால் அழுக்குக் கறுப்பாகத் தொங்கும், ஒருத்தரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள்.

வயர் இத்துப்போய், அது எரிந்து பதினோரு வருஷம் ஆகிறது. கிளாராவின் அப்பா ஆரோக்கியசெல்வம் லைன்மேனாக இருந்தவர். சின்ன வயசில் இந்த விளக்கைப் பார்த்துத்தான் அந்த வேலைக்கே ஆசைப்பட்டார். இப்போது கண் நரம்பு பட்டுப்போய், வெளிச்சமும் நிறமும் மட்டும்தான் தெரிகிறது. கிறிஸ்துமஸ் வரை அதுவும் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் ஒரு தடவை அந்தத் திராட்சையைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. கிளாரா விழாக் கமிட்டியிடம் நாயாய் அலைந்து அனுமதி வாங்கி, கொடியேற்றத்தன்று மத்தியானம் புது வயரோடு ஏணியில் ஏறினாள்.

ஏறியவள் தூசியைத் துடைத்துப் பார்த்தாள். விளக்கின் நடுவில், நாலு பக்கமும் தெரிகிற மாதிரி, கெட்டி பெயிண்டில் 'உபயம்: அருண் ஜோசப்'. கோயில் ஃபேன் இறக்கையில்கூட உபயம் எழுதுகிற ஊர்தான். அதற்காக இதிலுமா? அந்த மனுஷன் கமிட்டித் தலைவர். இந்த வருஷம் கெபிக்கு வெள்ளையடித்துக் கொடுத்தார். மாப்பிள்ளையாக ஊருக்கு வந்து எட்டு வருஷம், விளக்கு எரிந்து பார்த்ததே இல்லை.

அழிக்கணும் என்று கேட்டதற்கு, பகலில் பேர் எவ்வளவு எடுப்பாக இருக்கிறது பார் என்றார். கை வைத்தால் விளக்கையே கழற்றிவிடுவேன் என்றும் சொன்னார். கிளாரா பல்லைக் கடித்துக்கொண்டு வயரை மாட்டி முடித்தாள்.

சாயங்காலம் கொடி ஏறியது. அப்பாவைக் கூட்டி வந்து முன்னால் நிறுத்திவிட்டு, சுவிட்சைப் போட்டாள்.

குலைகள் ஊதாவும் பச்சையுமாகப் பொங்கின. நடுவில், பெயிண்டில் பேர் எழுதிய இடத்தில், அகலமாக ஒரு கறுப்பு. அதன் நிழல் மாதாவின் முகத்தில் பாதியை மூடியது. ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த கூட்டம் பாதியில் நின்றது.

"பச்சை தெரியுது. நடுவுல என்னத்தா இருட்டா இருக்கு? கண்ணாடி போயிருச்சா?" என்றார் அப்பா.

"கண்ணாடி அங்கனதான் இருக்குப்பா. அதை மறிச்சுக்கிட்டு அருண் ஜோசப் அண்ணே நிக்கிறாக."

யாரும் சிரிக்கவில்லை. மொத்தக் கூட்டமும் திரும்பி அருண் ஜோசப்பைப் பார்த்தது. அணைக்கச் சொன்னார். கிளாரா சுவிட்சுக்குக் குறுக்கே நின்றாள்.

"அப்பா பார்க்குறாக, அணைக்க முடியாது. ஏணியடியில பெயிண்டை அழிக்கத் தின்னரும் துணியும் இருக்கு."

வெள்ளைச் சட்டையோடு அவர் ஏறினார். ஏணி ஆடியது. கிளாரா பிடிக்கப் போகவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தும் போகப் போக வெளியே வந்த பழங்களை அவருக்கு எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.