ஆறு நிமிடம்

மூலையில் இருந்த பழைய கணினியின் முன் ஐந்து பேர் வரிசையாக நின்றார்கள். மருத்துவர்கள் பேசி அனுப்பும் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் அலுவலகம் அது. ஒலிப்பதிவுக் கருவி குரலைத் தன் பாணியில் மடித்து வைத்திருக்கும். தட்டச்சு மென்பொருளுக்கு அந்த மடிப்புப் புரியாது. பெட்டியிலிருந்து புடவையை எடுத்து உதறி, வேறு அலமாரிக்கு ஏற்றபடி மடிப்பதுபோல ஒவ்வொரு கோப்பையும் பிரித்து மாற்ற வேண்டும். அதற்கு அந்தக் கணினி ஆறு நிமிடம் எடுத்துக்கொண்டது. பன்னிரண்டு கோப்பு முடித்தவர் வீட்டுக்குப் போகலாம்.

"இன்னிக்கும் ஆறரை ஆயிடும். பாப்பா பள்ளிக்கூட வாசல்லயே உக்காந்திருக்கும்" என்று வரிசையில் மூத்தவளான அக்கா விரல்களில் சொடக்கு எடுத்தாள்.

"உள்ள என்ன நடக்குது தெரியுமாக்கா? குரலைப் பல்லாயிரம் துண்டா..." பின்னால் நின்ற இளையவள் தொடங்கினாள். எதைக் கண்டாலும் விளக்க ஆரம்பித்துவிடுவதால் அவளுக்கு டீச்சர் என்று பெயர்.

"ஐயோ டீச்சரம்மா, பாடம் வேணாம். சீக்கிரம் வீட்டுக்குப் போக வழி இருந்தா சொல்லு."

பேருந்தில் நின்றபடியே இரண்டு மாதம் எழுதி, டீச்சர் ஒரு கைபேசிச் செயலியை உருவாக்கினாள். யார் யாரோ இலவசமாகத் தந்திருந்த நிரல்களை இணைத்துத் தைத்தது. அதனால் இதையும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் திறந்து வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. சந்தோஷமாகவே திறந்து வைத்தாள். இருபது நொடியில் கோப்பு மாறியது.

"அஞ்சு மணிக்கே போய் நிக்கிறேன். 'உன்ன வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களாம்மா'ன்னு கேக்குறா!" அக்கா சிரித்தாள்.

எட்டு நாள்தான். ஒன்பதாம் நாள் பழைய கணினி கிடங்குக்குப் போனது. மேற்பார்வையாளர் வந்து, இனி எல்லாரும் இந்தச் செயலியில்தான் மாற்ற வேண்டும், ஆளுக்கு இருபது கோப்பு என்றார். இப்போது வரிசை இல்லை. வரிசை இல்லாததால் எழுந்து நிற்கவும் தண்ணீர் குடிக்கவும் கழிப்பறைக்குப் போகவும் நேரம் இல்லை.

"சார், அது நான் செஞ்சது. வேணாம், எடுத்துடுங்க."

"யார் வேணா எடுத்துக்கலாம்னு நீதானம்மா எழுதி வச்சிருக்க. நானும் 'யாரோ'தானே?"

டீச்சர் புதிய பதிப்பு ஒன்றை வெளியிட்டாள். கோப்பு மாறி முடிந்த பிறகும் திரையில் 'ஒலித்தரச் சோதனை' என்று ஒரு பட்டை ஐந்து நிமிடம் நகரும். எதையும் சோதிக்காத பட்டை. இரண்டு நாள் எல்லாரும் எழுந்து நடந்தார்கள். "சோதனை நல்லா நடக்கட்டும்" என்று அக்கா கண்ணடித்தாள்.

மூன்றாம் நாள் காலை முகம் தெரியாத ஒருவனின் செய்தி வந்திருந்தது. 'அருமையான செயலி. வேலையே செய்யாத காத்திருப்பு ஒன்று தவறுதலாக உள்ளே கிடந்தது, நீக்கிவிட்டேன். மற்ற இடங்களையும் சீர்செய்தேன். இப்போது ஒன்பது நொடி. உங்களுக்கு மிக்க நன்றி.' திருத்திய பிரதியை அவனே பொதுவில் வைத்திருந்தான். அவள் அலுவலகம் வந்து சேர்வதற்குள் மேற்பார்வையாளர் சொல்லி எல்லாக் கைபேசிகளிலும் அது ஏறியிருந்தது.

"இருபத்தஞ்சு" என்றார் மேற்பார்வையாளர்.

பக்கத்து இருக்கையில் அக்கா வலி மாத்திரை ஒன்றை நாக்கில் வைத்துக்கொண்டு தண்ணீர்ப் புட்டியை எட்டினாள். காதில் அடுத்த கோப்பின் குரல் தொடங்கிவிட்டது. கையை இழுத்துக்கொண்டாள். மாத்திரை வாயிலேயே கரைந்தது. கசப்பில் முகம் கோணியது, விரல்கள் நிற்கவில்லை.