மெழுகுத் தட்டில் ஒரு வசவு

ஒட்டிலி ப்ராண்ட் எங்களைத் திட்டுவதெல்லாம் கைதட்டலுக்கு அடியில்தான். கடைசி சுரம் அடங்கியதும் பெர்லின் ஜனங்கள் எழுந்து நின்று தட்டுவார்கள். அவள் வயலினை மார்போடு அணைத்துக்கொண்டு சபையைப் பார்த்துப் புன்னகையோடு குனிவாள். அந்தக் குனிவிலேயே, உதடு அசையாமல், "வால்புர்கா, செல்லோ வாசிச்சியா, கட்டிலை இழுத்தியா?" என்பாள். இரண்டாம் வயலின் ஹெர்த்தாவுக்கு ஒன்று கிடைக்கும். வயலினைவிடப் பெரிய, கனத்த குரல் வயோலா வாசிக்கிற எனக்கு ஒன்று. நாங்களும் சிரித்தபடியே குனிவோம். எங்கள் நால்வர் குழுவைப் பத்திரிகைகள் நான்கு சகோதரிகள் என்று எழுதின.

அந்தக் குளிர்காலத்தில் ஓர் இசைத்தட்டுக் கம்பெனி எங்களைக் கூப்பிட்டது. வாசிப்பைப் பதிக்கிற மெழுகுத் தட்டு இறுகிவிடக் கூடாது என்று அறையில் கணப்பு எரிந்தது, ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது. சத்தத்தை வாங்கிக்கொள்ள, சுவரிலிருந்து ஒரு பெரிய தகரப் புனல் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வாய்க்குள் தலையை விடாத குறையாக நாலு பேரும் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார வேண்டும். ஒட்டிலியின் முழங்கை என் விலாவில் குத்தியது. தெரிந்தேதான் குத்தினாள்.

ஒரு தட்டு நாலு நிமிடத்துக்கு மேல் தாங்காது. நாங்கள் வாசிக்கப்போகும் மெதுவான பகுதியோ அதைவிட நீளம். எதையாவது வெட்டியாக வேண்டும். ஒட்டிலி நீலப் பென்சிலால் முன்பே வெட்டிக்கொண்டு வந்திருந்தாள். என் தாளைப் பார்த்தேன். நடுப்பகுதி முழுக்கக் கோடு.

அந்தப் பகுதியில் ஒரே ஒரு முறை மெட்டு வயோலாவிடம் வருகிறது. மற்ற நேரமெல்லாம் நான் மற்றவர்களுக்கு நடுவே இடைவெளியை அடைக்கிறவள். என் சொந்த ஊர் லாய்பாக்கிலிருந்து வந்த நாள் முதல் இந்த ஊரில் யாராவது என்னைத் தனியாகக் கேட்டார்கள் என்றால் அந்த இடத்தில்தான் கேட்டார்கள்.

"இதை ஏன் வெட்டினீங்க?" என்றேன். "நீங்க ஆரம்பத்துல வாசிக்கிறதையே திரும்ப வாசிக்கிறீங்களே, அதுல ஒண்ணை எடுங்க."

"ஆமாமா," என்றாள் ஒட்டிலி. "லாய்பாக்குக்காரி வாசிக்கிறதைக் கேக்கத்தானே ஜனங்க கடை வாசல்ல நிக்கிறாங்க."

"வெட்டட்டும் விடு, மில்கா," என்றாள் வால்புர்கா என்னிடம். அவளும் நானும் ஒரே அறையில் குடியிருந்த காலத்தில் அவளுடைய பிளம் ஜாம் காணாமல் போனது. அன்றிலிருந்து எனக்கு எதிராகத்தான் பேசுவாள்.

பதிவு செய்கிறவர் டீடமன். நாங்கள் யார் என்றும் அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. "சண்டை அப்புறம். முழுசா வாசிங்க, போட்டுக் கேட்டுட்டு வெட்டலாம்," என்றார்.

மெழுகு தீரும்வரை வாசித்தோம். அவர் அதைப் போட்டுக் காட்டினார். ஒட்டிலியின் வயலின் ஜாடிக்குள் மாட்டிய கொசு மாதிரி வந்தது. பிறகு என் மெட்டு வந்தது. பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்து பேசுவது போல முழுசாக வந்தது. ஹெர்த்தா சிரிப்பை விழுங்கினாள்.

"வயோலா இருக்கட்டும்," என்றார் டீடமன். "முதல் வயலின் திரும்ப வாசிக்கிறதை எடுத்துடுங்க."

ஒட்டிலியின் கழுத்து சிவந்தது. "தகர டப்பாவுக்கு மாடு கத்தறதுதான் பிடிக்கும்போல."

அவர் அந்த மெழுகைக் குப்பையில் போட்டார். "ஒருதரம் கேட்ட மெழுகு அவ்வளவுதான், ஊசி உழுதுடும். இனி வாசிக்கிறதைக் கேக்க மாட்டோம், நேரா அச்சுக்குப் போகும். முடிஞ்ச பிறகும் நான் கையை இறக்குற வரைக்கும் யாரும் மூச்சு விடக் கூடாது."

கோபத்தோடு வாசித்தோம். கோபம் நன்றாகவே வாசித்தது. என் மெட்டை நான் விட்டுக்கொடுக்காமல் வாசித்தேன். முடிவில் ஒட்டிலியின் கடைசி சுரம். ஊரே பேசுகிற சுரம் அது. அவள் அதை மெலிதாக, நீளமாக இழுக்கும்போது ஜனங்கள் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார்கள். இழுத்தாள். அது அடங்கியது.

டீடமனின் கை இன்னும் மேலேயே இருந்தது. ஒட்டிலி வயலினை அணைத்துக்கொண்டு, தகரப் புனலைப் பார்த்துப் புன்னகைத்து, குனிந்தாள்.

"மாடு கன்னு போட்டுடுச்சு," என்றாள்.

கை இறங்கியது. ஒட்டிலியின் முகம் வெளுத்துவிட்டது.

"மெதுவாத்தானே சொன்னேன். பதிஞ்சிருக்காது."

"தெரியாது," என்றார் டீடமன்.

அவள் சீக்கிரமே சுதாரித்துக்கொண்டாள். "அப்ப போட்டுக் கேளுங்க, தெரிஞ்சுடும்."

"போட்டா அழிஞ்சுடும்னு தெரிஞ்சுதானே கேக்கறீங்க?" என்றேன்.

"அழிஞ்சா இன்னொண்ணு வாசிப்போம். இந்தத் தடவை நான் வெட்டின மாதிரி."

நான் எழுந்து, மெழுகு சுழலும் இயந்திரம் இருந்த பக்கத்து அறையின் கதவை மறைத்து நின்றேன்.

"தள்ளு."

"மாட்டேன்."

"இன்னையோட உனக்கு என் குழுவுல இடமில்ல."

"சரி. அப்ப நான் உங்களோட வாசிச்ச கடைசி இதுதான். இது அச்சுக்குப் போகட்டும்."

டீடமன் மற்ற இருவரையும் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

ஹெர்த்தா தன் செருப்பைப் பார்த்தாள். வால்புர்கா வில்லைத் தளர்த்திக்கொண்டே சொன்னாள்: "அனுப்புங்க. மில்காவுக்காக இல்ல. அந்த ஜாம் எனக்கு இன்னும் மறக்கல. இவ வாயை ஊரும் ஒருதரம் கேக்கட்டும்."

பனி உருகிய பிறகு மாதிரித் தட்டு வந்தது. அதற்குள் என் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்துவிட்டாள். வாசித்தவள் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கேட்டோம். எல்லாம் இருந்தது. கடைசி சுரத்தின் குதிகாலை மிதித்துக்கொண்டு மாடும் கன்றும் தெளிவாக இருந்தன. டீடமன் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"உடைச்சுப் போடுங்க," என்றாள் ஒட்டிலி.

"தட்டு கம்பெனியோடதும்மா, நல்லா வந்திருக்கு. அச்சுல அந்த இடத்தை மட்டும் சுரண்டிடலாம். ஆனா சுரண்டுற உளி அகலம். பேச்சு சுரத்தை ஒட்டியே கிடக்குது. ரெண்டும் சேந்துதான் போகும்."

"என் சுரமா?"

டீடமன் தட்டை உறைக்குள் போட்டார். என்னைத் தாண்டிப் போகும்போது, "நாயே" என்றாள். முதல் முறையாகக் கைதட்டல் இல்லாமல், உரக்க.

இப்போது ஒரு காபிக் கடையில், தட்டுகளும் கரண்டிகளும் போடுகிற சத்தத்துக்கு நடுவே வாசிக்கிறேன். என் அறையில் கிராமபோன் கிடையாது. தட்டு விற்பனைக்கு வந்ததும் கடைக்குப் போய்ப் போடச் சொன்னேன். என் மெட்டு வந்தது, போனது. முடிவில் கத்தரித்தது போல் நின்றது.

"அய்யோ, இது சொத்தைத் தட்டு போலிருக்கே," என்றாள் கடைப்பெண். "வேற எடுத்துத் தரவா?"

"எல்லாமே இப்படித்தான் இருக்கும்," என்றேன். "நடுவுலேர்ந்து இன்னொருதரம் போடும்மா."