இறக்கும்போது எடுக்காத அளவு

இரண்டாம் ஆண்டு இயற்பியல் வகுப்பில் அவளை எல்லோரும் குடுக்கை என்றுதான் கூப்பிடுவார்கள். அவசரக்குடுக்கை என்பதன் செல்லச் சுருக்கம். அவளுடைய தோழிக்குப் பட்டப்பெயர் தராசு. எதையும் இரண்டு முறை அளந்து பார்க்காமல் எழுத மாட்டாள், பாவம்.

ஆய்வகத்தில் மேலேயிருந்து தொங்கும் எஃகுக் கம்பியில் எடைக்கற்களை ஒவ்வொன்றாக ஏற்றி, அது எவ்வளவு நீள்கிறது என்று வெர்னியர் அளவுகோலில் பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக இறக்கியும் பார்க்க வேண்டும். பழைய நிலைக்குத் திரும்பினால் நல்ல கம்பி. திரும்பாவிட்டால் கெட்டுப்போன கம்பி, மாற்றியாக வேண்டும். ஆனால் இறக்கும்போது யார் பார்க்கிறார்கள்? ஏற்றும்போது வந்த எண்களையே கொஞ்சம் தட்டிக்கொட்டி எழுதிவிடுவார்கள். அதற்குச் சமையல் என்று பெயர். பேராசிரியருக்கும் தெரியும், அவரும் ஒரு காலத்தில் சமைத்தவர்தானே.

அன்று குடுக்கையும் சமைத்தாள். கடைசிக் கல் கைநழுவிக் கொக்கியில் தொப்பென்று விழ, கம்பி அதிர்ந்தது. அவளுக்கோ கேன்டீனுக்குப் போகிற அவசரம். கற்களை அள்ளிக் கீழே வைத்தாள், மனதுக்குத் தோன்றிய எண்களைப் போட்டாள், கையெழுத்து வாங்கினாள். அதே கம்பிக்கு அடுத்து வந்தவள் தராசு.

"உன் ரீடிங்கைக் காட்டுடி," என்று நோட்டை வாங்கி ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள்.

கேன்டீன் அரட்டை முடிவதற்குள் மாடியில் ஆய்வகத்திலிருந்து அலறல் கேட்டது. கம்பி அறுந்து துள்ளித் தராசின் முகத்தில் அடித்திருந்தது. வலது கண் போய்விட்டது.

அளவுக்கு மீறி எடை ஏற்றியிருப்பாள் என்று துறைத்தலைவர் முடிவு கட்டினார். சற்று முன்பு வரை கம்பி நன்றாகத்தானே இருந்தது, குடுக்கையின் அளவுகளே சாட்சி. தராசை இனி ஆய்வகத்தில் விடக்கூடாது என்று பேச்சு அடிபட்டது. ஆய்வகம் இல்லாமல் பட்டம் ஏது? குடுக்கைக்குத் தெரியும், வாயைத் திறந்தால் அந்தத் தடை தன் தலையில் விழும்.

மருத்துவமனை வராந்தாவில் தராசின் அம்மா உட்கார்ந்திருந்தார். "உள்ள போம்மா. உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா."

இரண்டு கண்களுக்கும் கட்டுப் போட்டிருந்தார்கள், கூப்பிட்ட குரலை வைத்தே தராசு அவளை அடையாளம் கண்டுகொண்டாள்.

"இறக்கும்போது ஒண்ணுமே சரியா வரலடி. கம்பி திரும்பவே இல்ல. உனக்கு அவ்வளவு கச்சிதமா வந்திருக்கே, எனக்குத்தான் பார்க்கத் தெரியலன்னு நெனச்சேன். மறுபடி மொதல்லேர்ந்து ஏத்தி, முகத்தை நல்லா கிட்ட கொண்டுபோய்ப் பார்த்தேன்."

குடுக்கைக்கு ஓடிவிடலாம் போலிருந்தது.

"நான் இறக்கிப் பார்க்கவே இல்லடி. சமைச்சேன். கல்லை வேற தவறவிட்டேன். இப்பவே ஹெச்.ஓ.டி.கிட்ட போய்ச் சொல்லிடறேன்."

தராசு வலது கண்ணின் கட்டை மெல்லத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அப்போ நான் எடுத்த ரீடிங் சரிதானா?"

"சரிதான்டி."

"ரெண்டு தடவையும்?"

"ரெண்டு தடவையும்."

தராசு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"போயிடு," என்றாள்.