பன்னிரண்டாவது டியூப்

"ஐஸைக் கொடு அங்காளம்மா! கேள்வியெல்லாம் அப்புறம்!"

ஆட்டோ நிற்பதற்குள் குதித்துவிட்டாள் யூனிஸ். பொத்தேரி ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து மீன் கடையில் வஞ்சிரம் அரிந்துகொண்டிருந்த அங்காளம்மா நிமிர்ந்தாள்.

"இன்னா டீச்சர், வூட்ல விசேஷமா? எத்தினி பேருக்கு மீனு?"

"மீன் வேணாம். ஐஸ் மட்டும். பெட்டியோட."

"பெட்டியோட குட்தா என் சங்கராவ எங்க வெப்பேன்? மடிலயா?"

"குரங்கு ரத்தம் உருகிக்கிட்டிருக்கு!"

அங்காளம்மா இரண்டு விநாடி அவளையே பார்த்தாள். பிறகு மீன்களை முறத்தில் கொட்டிவிட்டு, தெர்மோகோல் பெட்டி நிறைய ஐஸை அள்ளிப் போட்டு, மேலே இரண்டு கை கல்லுப்பைத் தூவினாள்.

"உப்பு போட்டா இன்னும் ஜில்லுன்னு ஆவும். பெட்டி திரும்பி வர்சொல்ல குரங்கு வாசன வந்துச்சு, புதுசு வாங்கிக் குட்துடணும், ஆமா."

ஆட்டோ ஜி.எஸ்.டி. ரோட்டில் சீறியது. போன் அலறியது. ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து உதவியாளர் ஸ்ம்ருதி.

"மேடம், ஃப்ரீசர் மைனஸ் பதினொண்ணுக்கு வந்துடுச்சு!"

"கதவைத் திறக்காதே. அஞ்சு நிமிஷம்!"

புயல் மழையில் யூனிஸ் வேலை பார்க்கும் கல்லூரியின் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துவிட்டது. ஜெனரேட்டர் விடியற்காலையில் மூச்சை நிறுத்தியது. மைனஸ் எண்பதில் இருக்க வேண்டிய ஃப்ரீசர் மணிக்கு மணி ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு பழைய பிஸ்கட் டப்பா. அதில் பன்னிரண்டு டியூப். தொண்ணூற்றேழில் யூனிஸும் ஆஸ்டினும் எம்.எஸ்ஸி. படிப்புக்காகத் தாம்பரத்துக் கல்லூரிக் காட்டில் சேகரித்த நாட்டுக் குரங்குகளின் ரத்தம்.

அந்த டப்பாவை நம்பித்தான் பிளஸ்ஸி இருந்தாள்.

பிளஸ்ஸி ஆஸ்டினின் மகள். பத்தொன்பது வயது, எண்ணூறு மீட்டர் ஓட்டக்காரி. அப்பா பதினாலு வருஷத்துக்கு முன் சர்ச் ஃபுட்பால் மேட்ச்சில் பந்தைத் துரத்திக்கொண்டே விழுந்தவன், எழுந்திருக்கவில்லை. அம்மா எப்சியைக் கொரோனா கொண்டுபோனது. அன்றிலிருந்து பிளஸ்ஸி யூனிஸின் செம்பாக்கம் வீட்டில்தான்.

பயிற்சி முகாமுக்கு மெடிக்கல் எடுத்தார்கள். ஸ்கேன் சுத்தம். ஈ.சி.ஜி. சுத்தம். மரபணு ரிப்போர்ட்டில் மட்டும் ஒரு முள். இதயத் தசைக்கான ஜீன் ஒன்றில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. நல்லதா கெட்டதா என்று யாருக்கும் தெரியாத மாற்றம்.

"அப்பாவுக்கும் இது இருந்துச்சான்னு தெரிஞ்சா பாதி சந்தேகம் தீரும்," என்றார் டாக்டர் ஸ்ரீநிவாசராகவன். "அவருக்கு இல்லைன்னா அவர் சாவுக்கு இது காரணமில்லை. ஆனா அவர்தான் இல்லையே. தெளிவாகிற வரைக்கும் ஓடக் கூடாதும்மா."

அன்று கழற்றிய ஷூவை பிளஸ்ஸி மறுபடி தொடவில்லை. ஏரிக்கரையில் மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

யூனிஸுக்கு ஒரு வழி தெரியும். உலகமெங்கும் நூற்றுக்கணக்கான குரங்கினங்களின் மரபணுவைப் படித்துவிட்டார்கள். மனிதனில் அபூர்வமான ஓர் எழுத்து, குரங்குகளில் சர்வசாதாரணமாக இருந்தால் அது பெரும்பாலும் ஆபத்தில்லாதது. லட்சக்கணக்கான வருஷங்களாக அந்த எழுத்தோடுதானே அவை கிளைக்குக் கிளை தாவுகின்றன! வேறு தேசத்துக் குரங்குகள் இரண்டில் பிளஸ்ஸியின் எழுத்து கிடைத்திருந்தது. இரண்டு போதாது என்றார் டாக்டர். அதற்குத்தான் நம்மூர்க் குரங்கின் ரத்தம்.

லேபுக்குள் மூச்சிரைக்க நுழைந்தாள். "திற!"

டப்பா வெளியே வந்தது. லேபிள் ஒட்டினால் குளிரில் உரிந்துவிடும் என்று அன்றைக்கு மெடிக்கல் பிளாஸ்திரியைச் சுற்றி பென்சிலால் எழுதியிருந்தார்கள். வார்டன். பிஷப். மெஸ் செகரட்டரி. ஆஸ்டின் வைத்த பெயர்கள்! ஸ்ம்ருதி சிரித்துவிட்டாள்.

யூனிஸின் விரல்கள் பன்னிரண்டாவது டியூபைத்தான் முதலில் தேடின. 'மச்சான்' என்று கோணல் எழுத்தில் இருந்தது. இருப்பதிலேயே ஆழமாக ஐஸுக்குள் அதைப் புதைத்தாள்.

"அதுக்கு மட்டும் என்ன மேடம் ஸ்பெஷல்?"

"அதுதான் எங்களை ரொம்பப் படுத்திச்சு."

ஆஸ்டினுக்கு எல்லோரும் மச்சான்தான். டீக்கடைக்காரர், மீட்டர் கேஜ் ரயிலின் டிக்கெட் பரிசோதகர், ஏன், யூனிஸே மச்சான். "மச்சான், வேர்க்கடலைய கூண்டுக்குள்ள போடு, நீயே தின்னுக்கினு இருக்கியே!" என்று மரத்தின் மேலிருந்து கத்துவான். கூண்டில் குரங்கு விழுந்தால் வெட்டர்னரி டாக்டர் மயக்க ஊசி போட்டு ரத்தம் எடுப்பார். ஆஸ்டின் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தெளியும்வரை விசிறுவான். சாயங்காலம் சானடோரியம் ஆஸ்பத்திரி ஃப்ரீசர் வரை ஒரே சைக்கிள். அவன் மிதிக்க, இவள் கேரியரில் ஐஸ் ஃபிளாஸ்க்கைக் கட்டிப் பிடித்திருப்பாள். அவன் முதுகுச் சட்டையில் வேர்வை தேசப்படம் மாதிரி விரியும். அதைப் பார்த்துக்கொண்டே வந்த நாட்களை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

பேராசிரியர் சத்தியநாதன் கறார். "பன்னெண்டு சாம்பிள்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. திங்கட்கிழமை பன்னெண்டும் டேபிள் மேல இருந்தா கையெழுத்து. இல்லாட்டி அடுத்த வருஷம்."

சனிக்கிழமை வரை பதினொன்று. திங்கட்கிழமை பன்னிரண்டு இருந்தது. கையெழுத்து விழுந்தது.

ஐஸ் வாங்கிய அன்றே மதியம் கரண்ட் வந்தது; இருட்டுவதற்குள் ஸ்ம்ருதியும் யூனிஸுமாகப் பன்னிரண்டு டியூபிலிருந்தும் டி.என்.ஏ.வைப் பிரித்துவிட்டார்கள். அங்காளம்மாவின் பெட்டி சோப்புப் போட்டுக் கழுவப்பட்டுத் திரும்பிப் போனது. அவள் அதை மூன்று முறை முகர்ந்து பார்த்தாள்.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. பிளஸ்ஸி லேபில் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்ம்ருதி திரையைத் திருப்பினாள்.

"பதினோரு குரங்குக்கும் உன் எழுத்துதான் பிளஸ்ஸி! அதுங்களுக்கு அதுதான் நார்மலே. உன்னை மாதிரி மனுஷங்கதான் அபூர்வம்."

"அப்போ நானும் குரங்கா அக்கா?"

"ஓடற வேகத்தைப் பார்த்தா சந்தேகம்தான்."

பிளஸ்ஸி சிரித்தாள். ரொம்ப நாள் கழித்து. ஆனால் சிரிப்பு பாதியில் நின்றது. "டாக்டர் அப்பாவைப் பத்தித்தானே மறுபடி கேட்பார், ஆன்ட்டி? அப்பாவுக்கு இருந்திருந்தா...?"

யூனிஸ் திரையின் பக்கம் திரும்பினாள். "பன்னிரண்டு என்னாச்சு ஸ்ம்ருதி?"

"அது கெட்டுப்போச்சு மேடம். யாரோ அப்பவே கையால தொட்டுக் கலந்திருக்காங்க. குரங்கு டி.என்.ஏ.வே இல்லை, முழுக்க மனுஷ டி.என்.ஏ. ஆம்பளை. அதுல இந்த எழுத்தும் இல்லை. அழிச்சிடட்டுமா?"

"அழிக்காதே!"

யூனிஸ் கீபோர்டின் மேல் கையை வைத்து மறித்தாள். ஸ்ம்ருதி திகைத்துத் திரும்பினாள்.

தொண்ணூற்றேழில் அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பன்னிரண்டாவது குரங்கு கூண்டின் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு ஓடிவிட்டது. வெட்டர்னரி டாக்டர் எப்போதோ கிளம்பிவிட்டார். யூனிஸ் அழ ஆரம்பித்தாள். ஆஸ்டின் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டே சொன்னான்: 'குத்து மச்சான். சாருக்கு வித்தியாசம் தெரியவா போவுது?'

இருபத்தெட்டு வருஷ ரகசியம். பிளஸ்ஸியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள் யூனிஸ்.

"எதுவும் கலக்கலை கண்ணு. அந்த ஊசியைக் குத்தினவ நான்தான். பன்னிரண்டாவது டியூப்ல இருக்கறது உங்கப்பா."