சனிக்கிழமைக்கு எடுத்து வைத்த மருந்து

தீராத நோயாளிகளைப் பார்க்க வரும் ஹாஸ்பிஸ் வண்டி குன்றின் மேலே ஏறியதும் சுத்தியல் சத்தம் நின்றுவிட்டது. ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் தலையைத் தூக்கி, வண்டி யார் வீட்டு வாசலில் நிற்கிறது என்று பார்த்தார்கள். அந்த வண்டி வந்து போன வீட்டில் மறு வாரமே சாவு விழுந்ததை இரண்டு முறை பார்த்தவர்கள். வண்டி நபுகீராவின் வீட்டு வாசலில் நின்றது.

நபுகீரா கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தாள். கருப்பைவாய்ப் புற்று. மல்லாக்கப் படுக்க முடியாது, உட்காரவே முடியாது. ஆனால் சனிக்கிழமை அவளுடைய அண்ணன் மகள் நசோலோவுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, பெண்ணின் அத்தை நடந்து போய் அவர்களுக்குள் மாப்பிள்ளையைக் கண்டுபிடித்துச் சட்டையில் பூ குத்த வேண்டும். அத்தை குத்தினால்தான் அவன் மாப்பிள்ளை. அவள் எழுந்திருக்காவிட்டால் அந்த இடம் சித்தப்பன் மகள் நன்னோசிக்குப் போய்விடும். முப்பது வருஷமாக நபுகீரா எதைச் செய்தாலும் குறை சொல்லிக்கொண்டிருக்கிறவள் அவள்.

நர்ஸ் கெமிரெம்பே பழைய தண்ணீர் பாட்டில் ஒன்றைப் பையிலிருந்து எடுத்தாள். உள்ளே பச்சை நிறத்தில் மருந்து.

"இதக் குடிச்சா செத்துருவேனா சிஸ்டர்?"

"சாகப் போறது வியாதியாலதாம்மா. பாட்டிலால இல்ல. இது மார்ஃபின், வலிக்கு. எங்களக் கடைசி வாரத்துலதான் கூப்பிடுறீங்க. அப்புறம் வண்டி வந்துச்சு, ஆளு போச்சுன்னு எங்க மேல பழி."

"எப்பக் குடிக்கணும்?"

"மூடியில அளந்து, காலைல ஆறு, பத்து, மத்தியானம் ரெண்டு, சாயங்காலம் ஆறு. படுக்கறப்ப ரெண்டு மடங்கு. வலிச்சாலும் வலிக்காட்டியும் குடிக்கணும். மொத ரெண்டு நாள் தூக்கம் அசத்தும், பயப்படாதீங்க. மலம் கட்டும், அதுக்குப் பப்பாளி விதைய இடிச்சு முழுங்குங்க."

"வலிக்காதப்ப எதுக்கு மருந்து? பசிக்காதப்ப யாராச்சும் திம்பாங்களா?"

"நான் சொல்றதச் செய்ங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸ் போனாள்.

நபுகீரா செய்யவில்லை. பாட்டிலைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். செவ்வாய்க்கிழமையே குடித்துத் தீர்த்துவிட்டால் சனிக்கிழமைக்கு எங்கே போவது? அன்றைக்கு விடியற்காலையில் மொத்தமாக நாலு மடக்கு குடித்து, பூவைக் குத்திவிட்டு வந்து விழுந்தால் போதும். இதுதான் அவளுடைய கணக்கு.

புதன்கிழமை மத்தியானம் நன்னோசி வந்தாள். தோள் இரண்டும் கூராக நிற்கும் புது கோமேசி, இடுப்பில் பளபளவென்று பட்டி. சனிக்கிழமைக்குத் தைத்த உடுப்பை அளவு பார்க்கிற சாக்கில் அணிந்து வந்திருந்தாள்.

"அக்கா, நீ ஒண்ணும் கவலப்படாத. பூவ நான் குத்திக்கிறேன். நீ நிம்மதியாப் படு."

"ரொம்ப நல்ல மனசுடி. துணியும் எடுத்துத் தச்சுட்ட. எனக்குக் குழியும் வெட்டியாச்சா?"

"ஐயோ, என்ன பேச்சு இது!" என்று நன்னோசி பட்டியைச் சரிசெய்துகொண்டு கிளம்பினாள்.

அவள் போனதும் வலி வந்தது. தலையணைத் துணியைக் கடித்துக்கொண்டு நபுகீரா வாசலைப் பார்த்தாள். எதிரே பாறை மேல் பழைய டயர்களைப் போட்டு எரித்துக்கொண்டிருந்தார்கள். நாள் முழுக்க அணையாமல் எரித்தால்தான் பாறை விரிசல் விடும். காவலுக்கு உட்கார்ந்தவள் தூங்கிப்போய்த் தீ படுத்துவிட்டது. இரட்டைப் பிள்ளைகள் பெற்றதால் எல்லோரும் நலோங்கோ என்று கூப்பிடுகிறவள், நபுகீராவின் கூட்டாளி, அங்கே நின்று கத்தினாள்.

"படுபாவி! தீயப் படுக்க விட்டுட்டு அப்புறம் ஒரேயடியா எரிச்சா கல்லு பொளக்குமா? கல்லு ஆறிப்போச்சுடி! திரும்ப மொதல்லேருந்து எரி!"

நபுகீரா கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். இருபத்தாறு வருஷம் இந்தத் தீயை அணையாமல் காத்தவள். பிறகு கையை நீட்டிக் கட்டிலுக்கடியில் துழாவினாள்.

அன்று ஆறு மணிக்கு ஒரு முறை, படுக்கும்போது இரண்டு மடங்கு. வேளை தவறாமல் ஊற்றுகிற பொறுப்பை நலோங்கோ எடுத்துக்கொண்டாள். வியாழக்கிழமை விடியலில் நலோங்கோ எழுப்பி ஊற்றியதும், பத்து மணிக்கு ஊற்றியதும் அவளுக்கு அரைகுறையாகத்தான் நினைவு. மூன்று வாரமாகத் தூங்காத உடம்பு அடித்துப்போட்ட மாதிரி கிடந்தது. நலோங்கோ ஜல்லிக்குத் திரும்பிய நேரத்தில் நன்னோசி எட்டிப் பார்த்தாள். இரண்டு தரம் கூப்பிட்டாள். பதில் இல்லை. வண்டி வந்து போன வீடு வேறு. வாசலுக்கு ஓடி வந்து தலையில் கை வைத்து ஓலமிட்டாள்.

சாவு விழுந்த வீட்டில் ஆக்கிப்போடுகிற குன்றுப் பெண்களின் சாவுச் சங்கம் கணப்பொழுதில் கூடியது. சங்கத்தின் பெரிய பானைகள் நாலு உருண்டு வந்தன. விறகு வந்தது, வாழைக்குலை வந்தது. உலை வைத்த பிறகுதான் ஒருத்தி பிணத்தைப் பார்க்க உள்ளே போனாள். பிணம் கண்ணைத் திறந்து கேட்டது:

"யாருடி வாழக்காய இவ்ளோ தடியாத் தோல் சீவுறது? ஜன்னல் வழியாத் தெரியுது. பாதிக் காய் குப்பைக்குப் போவுது. என் சாவுக்கு வர்றவங்க என்ன, தோலத் திம்பாங்களா?"

உள்ளே போனவள் பின்பக்கமாகவே வெளியே வந்தாள். நன்னோசிக்கு ஓலம் பாதியில் நின்று விக்கல் பிடித்துக்கொண்டது.

"இப்ப பானைய என்னடி பண்றது?" என்றாள் ஒருத்தி. சாவுப் பானை அடுப்பேறினால் சோறு பார்க்காமல் இறங்கக்கூடாது.

நலோங்கோ மூச்சிரைக்க வந்து, "என்ன பண்றதா? ஆக்குங்க. தின்னுங்க. செத்தவளுக்கும் ஒரு தட்டு போடுங்க" என்றாள்.

செத்தவள் கடலைக் குழம்போடு ஒரு தட்டு முழுக்கத் தின்றாள். பல நாளுக்குப் பிறகு தின்ற முதல் சாப்பாடு.

சனிக்கிழமை காலை மயக்கம் தெளிந்திருந்தது. வலி இருந்தது, தூரத்தில் குரைக்கிற நாய் மாதிரி. கல்யாணப் பெண்ணுக்கு அத்தை சொல்லித்தர வேண்டியதைக் கேட்க நசோலோவின் அறையில் பெண்கள் இளித்துக்கொண்டு கூடினார்கள். இந்தக் குன்றில் பாதிப் பேருக்கு இடுப்புக்குக் கீழே உள்ள பாடத்தை நடத்தியவள் நபுகீராதான்.

"அந்தப் பாடம் உனக்கு ஏற்கனவே தெரியும், மூஞ்சியப் பாத்தாலே தெரியுது" என்றாள். அறை குலுங்கியது. "இதக் கேளு. நாள் இல்லாத நாள்ல ரத்தம் வந்தா, புருஷனோட படுத்த பின்னாடி ரத்தம் வந்தா, மறைக்காத. ஊருக்கெல்லாம் பாடம் சொன்ன நான் வெக்கப்பட்டுத் துணியக் கட்டிக்கிட்டு ஒரு வருஷம் கல்லு உடைச்சேன். வராட்டியும் ஆஸ்பத்திரில போய்க் காட்டு. கருப்பை வாயில வினிகரத் தொட்டு வச்சு, புத்து இருக்கான்னு பாப்பாங்க, அஞ்சு நிமிஷம். வெரல்ல சுத்தியல் விழுந்தா ஊரக் கூட்டுறீங்கல்ல?"

"திங்கக்கெழம நான் போறேன்" என்றாள் நலோங்கோ. "துணைக்கு எவளாச்சும் வாங்கடி, தனியாப் போக பயமா இருக்கு." ஆறு கைகள் எழுந்தன. கடைசிக் கை நன்னோசியுடையது.

மத்தியானம் மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் நாற்பது பேர் நாலு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நபுகீரா பூவோடு எழுந்தாள். நன்னோசி தாங்கக் கை நீட்டினாள். "கைய எடு" என்றாள் இவள். ஒவ்வொருவர் முகத்தையும் சந்தையில் மீன் பார்க்கிற மாதிரி பார்த்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டே நடந்தாள். மூன்றாவது வரிசையில் வேர்த்து வழிந்துகொண்டிருந்தவன் முன்னால் நின்றாள்.

"ரெண்டு மணி!" என்று பெண்கள் பக்கத்திலிருந்து நலோங்கோவின் குரல்.

நபுகீரா பூவைப் பல்லில் கவ்விக்கொண்டு, இடுப்புப் பட்டியிலிருந்து பாட்டிலை எடுத்தாள். இரண்டு குலமும் பார்த்திருக்க மூடியில் அளந்து ஊற்றிக் குடித்தாள்.

மாப்பிள்ளை வீட்டுக்காகப் பேச வந்த பெரியவர் எழுந்தார். "அத்தை, வந்த விருந்தாளிக்கு ஒரு மடக்கு கெடையாதா?"

"இதக் குடிக்கணும்னா மொதல்ல என் வியாதிய வாங்கிக்கணும். சம்மதமா?"

அவர் உட்கார்ந்துவிட்டார். பந்தல் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சத்தத்தில் அவள் பூவைக் குத்தினாள். ஊசி சட்டையைத் தாண்டிப் போய்விட்டது.

"ஐயோ!" என்றான் மாப்பிள்ளை.

"வலிக்குதா?" என்றாள் நபுகீரா. "பொறுத்துக்க. மருந்து தர மாட்டேன்."