மாமி தந்த கூறை

அந்தக் கூறைச் சேலை மாமியிடமிருந்து மருமகளுக்குப் போவது. யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் தொடங்கி மூன்று பெண்கள் கட்டிவிட்டார்கள். மூன்றாமவள் உஷாந்தி. அதைக் கனடாவுக்கு, மொன்றியலுக்குக் கொண்டுபோனவளும் அவள்தான். அவளுக்கு மகன் இல்லை. ரூபிகா ஒருத்திதான். பெண்ணுக்குக் கூறை மாப்பிள்ளை வீட்டிலிருந்து வரவேண்டும்.

ஆனாலும் மகளின் கலியாணத்துக்குக் கொழும்பு வந்தபோது அதைப் பெட்டியில் வைத்திருந்தாள்.

வெள்ளவத்தையில் எடுத்திருந்த வாடகை வீட்டுக்கு மாப்பிள்ளையின் தாய் பத்மாவதி, கூறைக்குச் சட்டை தைக்க ரூபிகாவின் அளவுச் சட்டை வாங்க வந்தார். கட்டிலில் அரக்குச் சிவப்பாகச் சேலை விரிந்து கிடந்தது.

“உது ஆற்ற கூறை?”

“என்ர மாமி தந்தது. அவவுக்கு அவவின்ர மாமி.” உஷாந்தி அவசரமாக மடிக்கத் தொடங்கினாள்.

“அன்ரி, நான் இதைத்தான் கட்ட வேணுமெண்டு அம்மாவுக்கு ஆசை,” என்றாள் ரூபிகா. “வாய் திறந்து கேக்க மாட்டா.”

“சும்மா இரு பிள்ளை.”

பத்மாவதி கரையைத் தடவிப் பார்த்தார். “கூறை எங்கட வீட்டிலயிருந்துதானே வரவேணும்? அப்ப இதை எங்கட வீட்டுக்குத் தாங்கோ.”

“நீங்கள் புதுசு எடுத்திட்டியள்.”

“அதை ரிசெப்ஷனுக்குக் கட்டட்டும். கடைக்காரன் திருப்பி எடுக்கவோ போறான்?”

உஷாந்தியின் கை சேலையிலேயே இருந்தது. “இவளின்ர அப்பா இல்லை, அக்கா. புருஷன் செத்தவள் கட்டின கூறையெண்டு சபையில கதைப்பினம்.”

“மனுசனோட நல்லா இருந்தனீங்களோ?”

“ஓம். நல்லா இருந்தம்.”

“பிறகென்ன? ஒரு பை தாங்கோ.”

கலியாணத்தன்று தாரை வார்த்தது உஷாந்தியின் அண்ணனும் அண்ணியும். அவள் மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்தாள். அங்கே இருக்கும்படி யாரும் சொல்லவில்லை.

தாலியும் கூறையும் வைத்த தட்டு ஆசி வாங்கச் சபைக்கு வந்தது. ஒவ்வொருவராகத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

“பழசு மாதிரியெல்லோ கிடக்கு,” என்றாள் ஒருத்தி.

கடைசி வரிசைக்கு வராமலே தட்டு திரும்பியது. பத்மாவதி எழுந்து வந்து அதை வாங்கினார். உஷாந்தியின் முன்னால் நீட்டினார்.

“கெதியாத் தொடுங்கோ. ஐயர் பாத்துக்கொண்டிருக்கிறார்.”

உஷாந்தி தொட்டாள். கரையில் நூல் விட்டிருந்த இடத்தை யாரோ நுணுக்கமாகத் தைத்திருந்தார்கள். அவள் நிமிர்ந்தபோது பத்மாவதி பாதி வழி போயிருந்தார்.

ரூபிகா கூறை மாற்றிக்கொண்டு வந்தாள். அவள் நல்ல உயரம். சேலை கணுக்காலுக்கு மேலே நின்றது.

முன்னாலிருந்த தலைகள் மறைத்தன. உஷாந்தி எழுந்து முதல் வரிசைக்குப் போனாள்.